கொசுவுக்குப் பலகை பிடித்தவள்

கார் இருக்கைக்கு உறை தைக்கிற பெண்ணுக்கும் கார் பந்தயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். பலகை அக்காவின் மாமியாரும் அதைத்தான் கேட்டார். கண்ணை மூடும்வரை கேட்டுக்கொண்டே இருந்தார்.

அந்தச் சம்பந்தம் ஒரு நாள் தலையில் ஒரு இருக்கையைச் சுமந்துகொண்டு கடைக்குள் நுழைந்தது. டயர் கடைக்கும் பெயின்ட் அடிக்கும் பட்டறைக்கும் நடுவில் ஒடுங்கிய ஓர் அறை அது. சுவரோரம் ரெக்ஸின் சுருள்கள், தரையெல்லாம் ஸ்பாஞ்சுத் துணுக்குகள், எந்நேரமும் பசை வாசனை. அவளுக்கு அப்போது கல்யாணமான புதிது. வந்தவன் அவளைவிட ஒன்றிரண்டு வயதுதான் சின்னவன். எலும்பும் தோலுமாக இருந்தான். இருக்கையை இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கினான்.

"வளைவுல திரும்பினா வண்டி ஒரு பக்கம் போகுது, நான் ஒரு பக்கம் போறேன்க்கா. என்னைச் சீட்டோட சேர்த்துத் தைச்சுடுங்க" என்றான்.

அவள் சிரித்துவிட்டாள். அந்த ஒரு சிரிப்பில் ஆரம்பித்தது எல்லாம். தோளையும் இடுப்பையும் அளந்து, இரண்டு பக்கமும் ஸ்பாஞ்சு வைத்து, பிடித்து வைத்ததுபோல் ஒரு கூடு தைத்துக் கொடுத்தாள். விழாமல் உட்கார்ந்திருக்கிறேனா என்று ஞாயிற்றுக்கிழமை பந்தயத்துக்கு வந்து பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனான். வேலை சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் அவள் போனாள். அப்படித்தான் மாமியாரிடம் சொன்னாள். அப்புறம் எல்லா ஞாயிற்றுக்கிழமையும் வேலை சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டியதாயிற்று.

அவன் வண்டி சின்ன எஞ்சின் வண்டி. பெரிய வண்டிகள் உறுமிக்கொண்டு போகும். இது மட்டும் காதோரம் ரீங்காரம் போட்டுக்கொண்டு போகும். அதனால் அவனுக்குக் கொசு என்று பெயர். அவனுக்குக் கை தட்டுகிறவர்களுக்குக் கொசுக்கூட்டம் என்று பெயர். எதிர்த்து ஓட்டியவனின் வண்டி அகலமானது, கறுப்பு நிறம், யாருக்கும் வழிவிடாது. அவன் எருமை.

ரசிகர்கள் நின்ற இடம் பந்தயத் தடத்தின் கடைசி வளைவு. பக்கத்தில் வடிகால் வாய்க்கால் தோண்டியபோது கொட்டிய மண் மேடாகிக் கிடந்தது. மேடு நகராட்சிக்குச் சொந்தம். தடத்தின் எல்லைக்கு வெளியே. ஆகவே டிக்கெட் இல்லை, காவலாளி இல்லை. வெயிலுக்குத் தார்ப்பாய், உட்காரப் பழைய டயர், கையில் சாப்பாட்டுப் பொட்டலம். வண்டிகள் திரும்பும்போது புழுதி வந்து சாப்பாட்டில் உட்காரும். அதைத் தட்டிவிட்டுச் சாப்பிடுவார்கள். பெண்கள் ஒதுங்க ஓர் இடம் கிடையாது. அதனால் அவள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வருவாள். அந்த நாட்களைப் பொற்காலம் என்று பேசுகிற ஆண்களுக்கு இதெல்லாம் நினைவிருக்காது.

பலகை எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும்.

பெரிய வண்டிக்காரர்களுக்கு ஆட்கள் இருந்தார்கள். நீ எத்தனையாவது இடம், முன்னால் போகிறவன் எவ்வளவு தூரம் என்பதை எழுதித் தடத்தோரம் காட்டுவார்கள். கொசுவுக்கு ஒரே ஒரு மெக்கானிக். அவனும் எப்போதும் எண்ணெய்க்குள் முகம் புதைத்துக் கிடப்பான். கொசு பாவம், ஜெயிக்கிறோமா தோற்கிறோமா என்று தெரியாமலே ஓட்டிக்கொண்டிருந்தான். அவள் ஒரு ப்ளைவுட் துண்டின்மேல் கறுப்பு ரெக்ஸினை இழுத்து ஆணியடித்தாள். தையல் சாக்கட்டியால் எண்ணை எழுதி, மேட்டின் நுனியில் நின்று தலைக்குமேல் தூக்கிப் பிடித்தாள். அடுத்த சுற்றில் கொசு ஒரு கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனான். அன்றிலிருந்து அவள் பலகை அக்கா.

எண்ணைச் சொல்லியது யார் தெரியுமா? எருமையின் முதல் ரசிகரான மருந்துக்கடைக்காரர். மேட்டில் அவரிடம்தான் ஸ்டாப் வாட்ச் இருந்தது. வண்டி தாண்டியதும் எருமைக்கும் கொசுவுக்கும் நடுவில் எத்தனை விநாடி என்று உரக்கக் கத்துவார். அவருடைய கூட்டம் ஒரு பலகையில் எழுதும்; அவள் தன் பலகையில் எழுதுவாள்.

"எழுதிக்கோ பலகை. உன் கொசு நாலு விநாடி பின்னாடி. இன்னிக்கு மருந்தடிச்சாச்சு" என்பார்.

"கடைசிச் சுற்றுல உங்க எருமைக்குக் காதுல பாடும், பாருங்க" என்பாள் அவள்.

அவர் நினைத்திருந்தால் தப்பாகச் சொல்லியிருக்கலாம். ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அந்த மேட்டுக்கு ஒரே ஒரு சட்டம்தான்: பலகையில் பொய் எழுதக்கூடாது. ஒரு முறை எருமைக்கூட்டத்துப் புதுப் பையன் ஒருவன், கொசுவைக் குழப்புவதற்காகத் தப்பான எண்ணை எழுதித் தூக்கிப் பிடித்தான். மருந்துக்கடைக்காரர் அவன் கையிலிருந்து பலகையைப் பிடுங்கி வாய்க்காலில் எறிந்தார். "ஓட்டுறவனுக்கு நாமதாண்டா கண்ணு. கண்ணே பொய் சொன்னா அவன் சாவான்" என்றார். அந்தப் பையன் அப்புறம் மேட்டுக்கு வரவே இல்லை. வந்தாலும் யாரும் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்திருக்க மாட்டார்கள்.

ஒரு பந்தயத்தில், வளைவைத் தாண்டி எண்ணெய் சிந்திக் கிடந்தது. மேட்டில் நின்றவர்களுக்கு மட்டும்தான் அது தெரிந்தது. எழுத நேரமில்லை. அவள் பலகையைத் தலைகீழாகத் திருப்பி வெறிபிடித்தவள் மாதிரி ஆட்டினாள். என்ன ஏது என்று தெரியாமலே கொசு வேகத்தைக் குறைத்தான். அவனுக்கு முன்னால் போன வண்டி சுவரில் மோதி இரண்டாக உடைந்தது. அதை ஓட்டியவன் மறுபடி நடக்கவில்லை.

அன்று சாயங்காலம் கொசு அவள் வீட்டுக்கு வந்தான். சமையலறை வாசலில் உட்கார்ந்து சின்னக் குழந்தைபோல் அழுதான். "ஏன்னு கேக்காம பிரேக்கை அமுக்கினேன்க்கா. உங்க கையில இருந்தா அது நிஜம்" என்றான். அவளுக்குக் கூடப்பிறந்த தம்பி இல்லை. அன்றைக்குக் கிடைத்துவிட்டான் என்று நம்பினாள்.

பேதை.

காலம் மாறியது. ஓட்டுபவரின் தலைக்கவசத்துக்குள்ளேயே ரேடியோ வந்தது. பலகை தேவையில்லாமல் போனது. ஆனாலும் அவள் பிடித்தாள், அவனும் கையைத் தூக்கிக் காட்டினான். எருமை பந்தயம் ஓட்டுவதை விட்டுவிட்டு வெளிநாட்டில் இருந்த மகனிடம் போய்விட்டான். மருந்துக்கடைக்காரருக்கு ஆதரிக்க ஆளில்லை. "எதிரி இல்லாம உனக்கு மட்டும் என்ன சந்தோஷம் இருக்கப்போகுது பலகை" என்று சொல்லிக்கொண்டு, அவர் பழையபடியே வந்து விநாடி எண்ணிக்கொண்டிருந்தார். கொசுவும் ஒரு நாள் ஓட்டுவதை நிறுத்தினான். டிவியில் பந்தயத்தை வர்ணிக்க ஆரம்பித்தான். உடம்பு போட்டது. பல் வரிசை புதிதாக வந்தது. புதிய கம்பெனி ஒன்று தடத்தை வாங்கியபோது அதன் விளம்பரப் பலகைகளிலெல்லாம் அந்தப் பல் வரிசைதான் சிரித்தது.

கம்பெனி வந்ததும் ரசிகர்களும் மாறினார்கள். இதில் அவளுக்கு வருத்தம் இல்லை. உண்மையைச் சொன்னால் சந்தோஷம்தான். முன்பெல்லாம் மேட்டில் அவளோடு சேர்த்துப் பெண்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். இப்போது பெண்பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். எந்த ஓட்டுநர் என்ன நாய் வளர்க்கிறார், யாரோடு சண்டை, யாரோடு சமாதானம் என்று எல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எந்த வளைவில் எந்த கியர் என்பது மட்டும் தெரியாது. அதனால் என்ன, தெரிந்துகொள்வார்கள் என்பாள்.

அவள் கணவர் பஸ் ஓட்டுநர். பந்தயத்தைப் பற்றி அவருக்கு ஒரே கருத்துதான் உண்டு. "புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வர்றதுக்கு எதுக்கு இவ்வளவு அவசரம்?" என்பார். என் பஸ் தினமும் தாமதமாகத்தான் வருகிறது, ஆனாலும் எனக்காக எவ்வளவு பேர் காத்திருக்கிறார்கள் பார், எனக்கும் ரசிகர் மன்றம் வை என்பார்.

அந்தக் கணவர் வீட்டில் இருந்த ஒரு நாளில்தான் கொசு வந்தான். நீளமான மின்சாரக் கார். தெருவில் திரும்பியதே யாருக்கும் கேட்கவில்லை. பழைய வழக்கப்படி சமையலறைக்கே வந்து, நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, அவள் வைத்ததைச் சாப்பிட்டான். பாதிச் சாப்பாட்டில் விஷயத்துக்கு வந்தான்.

வளைவு மேடு கம்பெனிக்கு வேண்டும். நகராட்சி தரத் தயார். ஆனால் மேட்டை இத்தனை வருடமாகப் பயன்படுத்துகிறவர்களைக் கூட்டி, ஆட்சேபணை உண்டா என்று கேட்டுவிட்டுத்தான் தரும். பத்துப் பேர் எழுந்து கூடாது என்றால் விஷயம் கிடப்பில் விழும். கிடப்பில் விழுந்தால் கம்பெனியில் பணம் போட்ட வெளியூர்க்காரர்கள் அதை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். தடத்தையே மூடிக் கிடங்கு கட்டிவிடுவார்கள்.

மேட்டை வாங்கி என்ன செய்வீர்கள் என்று அவள் கேட்டாள். சிமென்ட் படி கட்டுவோம், மேலே கூரை போடுவோம், பெண்களுக்குக் கழிப்பறை கட்டுவோம் என்றான். ஒரு வருடம் மட்டும் வேறு இடத்தில் நின்று பாருங்கள், அடுத்த வருடம் அதே ஆட்கள் அதே இடத்தில் என்றான்.

"டிக்கெட்?" என்றாள்.

"நம்ம ஆளுங்களுக்கு டிக்கெட் கிடையாதுக்கா. என் வாக்கு" என்றான்.

அவன் போனபிறகு கணவர் தட்டை எடுத்துக் கழுவினார். அவர் தட்டுக் கழுவினால் ஏதோ சொல்லப்போகிறார் என்று அர்த்தம்.

"சத்தம் போடாம வர்ற கொசு எதுக்கு வரும்னு உனக்குத் தெரியாதா?" என்றார்.

அவளுக்குக் கோபம் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு என் பலகையை நம்பி பிரேக் போட்டவன் அவன், எனக்குப் பொய் சொல்வானா என்று வாதாடினாள். அவர் கழுவிய தட்டைக் கவிழ்த்து வைத்தார். அந்த நல்ல மனிதர் பிற்பாடும், எல்லாம் முடிந்த பிறகும், நான் அன்றே சொன்னேனே என்ற சொல்லை வாயில் எடுக்கவில்லை.

நகராட்சிக் கூட்ட அறை நிறைந்திருந்தது. மருந்துக்கடைக்காரர் சலவைச் சட்டை போட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். எழுந்து எதிர்ப்பதற்காகவே கடையை மச்சானிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். என்ன பேச வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தார். அவருக்கு முன்னால் அவள் எழுந்தாள். கொசு சொன்னதை அப்படியே சொன்னாள். படி வரும், கூரை வரும், டிக்கெட் இல்லை, அடுத்த வருடம் நம் இடம் நமக்கே. ஒரு வருடம் பொறுத்துக்கொள்வோம் என்று கேட்டுக்கொண்டாள்.

அதிகாரி மருந்துக்கடைக்காரரைப் பார்த்து, நீங்கள் ஏதோ பேச வேண்டும் என்றீர்களே என்றார். அவர் எழுந்து நின்றார். அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"பலகை சொல்லியாச்சு. அப்புறம் எனக்கு என்ன கேள்வி?" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

வேறெந்தக் கூட்டமாக இருந்தாலும் எழுதிக் கொடு, கையெழுத்துப் போடு என்று ஒருவராவது கேட்டிருப்பார். இவர்கள் கேட்கவில்லை. அவள் தூக்கிக் காட்டுவது பொய்யாக இருக்காது என்பது அந்த மேட்டுக்காரர்களின் ரத்தத்தில் ஊறியிருந்தது. ஒரு கைகூட உயரவில்லை. மேடு கைமாறியது.

அந்த வருடம் முழுக்க அவர்கள் தடத்துக்கு வெளியே சாலையோரம், கம்பி வேலிக்குப் பின்னால் நின்று பார்த்தார்கள். வளைவில் பாதிதான் தெரிந்தது. பரவாயில்லை, ஒரு வருடம்தானே என்று அவள் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். மேட்டில் படி எழும்பியது. கூரை எழும்பியது. பிறகு கண்ணாடி வந்தது. தடத்தைப் பார்த்த பக்கம் முழுவதும் மேலிருந்து கீழ்வரை கண்ணாடி. எதற்குக் கண்ணாடி என்று ஒரு பெண் கேட்டாள். புழுதிக்கு என்று பலகை அக்காதான் பதில் சொன்னாள்.

பந்தயப் பருவம் தொடங்கச் சில நாட்கள் இருந்தபோது மருந்துக்கடைக்காரர் அவள் கடைக்கு வந்தார். செல்போனில் ஒரு விளம்பரத்தைக் காட்டினார். வளைவு மேட்டில் சொகுசு அரங்கு; கையில் பட்டை கட்டியவர்களுக்கு மட்டும் அனுமதி. ஒரு நாள் பட்டையின் விலை அவர் கடையில் வேலை செய்யும் பெண்ணின் மாதச் சம்பளத்தைவிட அதிகம்.

இது வேறு ஏதோ இடமாக இருக்கும் என்றாள். படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். சரி, நம் ஆட்களுக்குத் தனியாக ஏதாவது இருக்கும், இப்போதே கேட்டுவிடுகிறேன் என்று கொசுவுக்குப் போன் போட்டாள். ஒரு பெண் எடுத்து, சார் மீட்டிங்கில் இருக்கிறார் என்றாள். அக்கா என்று சொல்லுங்கள் என்றாள் இவள். எந்த அக்கா என்று அந்தப் பெண் மரியாதையாகக் கேட்டாள்.

விதி என்று ஒன்று உண்டென்றால் அதற்குக் கொஞ்சமும் இரக்கம் கிடையாது. போனை வைக்கும்போதே கூரியர்காரர் உள்ளே வந்தார். ஒரு பளபளப்பான பெட்டியை நீட்டினார். அவள் கையில் பசை. மருந்துக்கடைக்காரர்தான் அதை வாங்கினார், திறங்கள் என்று அவளே சொன்னாள், அவரே திறந்தார். உள்ளே தங்க நிறப் பட்டை ஒன்று. கூடவே ஓர் அட்டை. அவர் அதை வாய்விட்டுப் படித்தார்.

"முதல் ரசிகை பலகை அக்காவுக்கு, வளைவு மேட்டில் ஆயுள் முழுவதும் இலவச இருக்கை."

கடையில் வேலை செய்த பெண்களின் தையல் எந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. அவர் பட்டையைப் பெட்டிக்குள் இருந்தபடியே அழகாக வைத்தார். மூடியை மூடினார். அவள் மேசைமேல் வைத்தார்.

"வாழ்த்துகள்ம்மா" என்றார். "இவ்வளவு நாள் உங்களுக்கு விநாடி எண்ணிச் சொன்னதுக்கு எனக்கும் பெருமைதான்."

வா, போ, எழுதிக்கோ பலகை என்று பேசிய மனிதர். அவர் வாயிலிருந்து வந்த அந்த 'உங்களுக்கு' அவள் நெஞ்சில் ஊசியாக இறங்கியது. எனக்குத் தெரியாது, சத்தியமாகத் தெரியாது என்று பின்னாலேயே தெருவரை ஓடினாள். அவர் திரும்பவில்லை. அடுத்த நாளுக்குள் மேட்டுக்காரர்கள் அத்தனை பேருக்கும் செய்தி போய்விட்டது. பலகை தனக்கு ஒரு நாற்காலி வாங்கிக்கொண்டு எங்களை விற்றுவிட்டது என்றார்கள். யாருக்குப் போன் போட்டாலும் எடுக்கவில்லை. எடுத்த ஒரே பெண், குழந்தை அழுகிறது என்று சொல்லி வைத்துவிட்டாள். அந்த வீட்டில் குழந்தையே கிடையாது.

பட்டையை எரித்துவிடு என்றார் கணவர். எரிக்கவில்லை. கொசுவை நேருக்கு நேர் பிடிக்க வேண்டுமென்றால் அந்தக் கண்ணாடிக்குள் போயாக வேண்டும். திறப்பு நாளன்று கையில் தங்கப் பட்டையோடு போனாள். சாலையோர வேலிக்குப் பின்னால் அவள் ஆட்கள் நின்றார்கள். அவர்களைத் தாண்டித்தான் வாசலுக்குப் போக வேண்டும். யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

உள்ளே குளிராக இருந்தது. தரைவிரிப்பு, வெள்ளை மேசைத்துணி, சுவரெல்லாம் திரைகள். கழிப்பறைக்குப் போனாள், பளிங்கு மாதிரி இருந்தது. இத்தனை வருடம் தண்ணீர் குடிக்காமல் வந்தவள் அங்கே நின்று அழுதாள். இதை மட்டும் கட்டிக் கொடுத்திருந்தால்கூட எங்கள் பெண்கள் உன்னை வாழ்த்தியிருப்பார்களே, பாவி என்று அழுதாள்.

வண்டிகள் பயிற்சிச் சுற்றில் கண்ணாடிக்கு வெளியே ஓடிக்கொண்டிருந்தன. சத்தம் உள்ளே வரவில்லை. கூரையில் இருந்த ஒலிபெருக்கியில் எஞ்சின் சத்தத்தைக் காதுக்கு இதமாகக் கொஞ்சமாக விட்டுக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேர் தடத்துக்கு முதுகைக் காட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சின்னப் பெண் ஓடிவந்து, ஆன்ட்டி, விளம்பரத்தில் பழைய படம் போட்டிருந்த பலகை அக்கா நீங்கள்தானே என்று கேட்டு, அவளைக் கட்டிக்கொண்டு ஒரு படம் எடுத்தாள். நல்ல பெண். அவள்மேல் என்ன தப்பு?

கொசு வந்தான். கைகளை விரித்துக்கொண்டு வந்தான். அவள் நகர்ந்து நின்றாள்.

"என்கிட்ட என்ன சொன்ன? எங்க ஆளுங்க எங்க நிக்கிறாங்க பாரு."

அவன் அவளை ஓரமாக அழைத்துப் போனான். கம்பெனி முடிவெடுத்தது, என் கையில் ஒன்றும் இல்லை, உங்களுக்காவது ஒரு இடம் வேண்டும் என்று சண்டை போட்டு வாங்கினேன் என்றான். அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"என் வீட்டுல உக்காந்து சாப்பிட்டியே, அன்னிக்கு உனக்குத் தெரியுமா?"

அவன் பொய் சொல்ல நினைத்திருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்ல முடியாமல் போயிருக்கலாம்.

"தெரியும்க்கா. தெரிஞ்சுதான் வந்தேன். வேற யார் சொன்னாலும் அவங்க கேட்டிருக்க மாட்டாங்க."

சமாதானப்படுத்த நீட்டிய அவன் கையை அவள் தட்டிவிட்டாள். அவன் அவளை மறந்துவிடவில்லை, பெரிய மனிதனான பிறகு அலட்சியம் செய்யவில்லை. அதெல்லாம் நடந்திருந்தால் தாங்கியிருப்பாள். அவளை யார் எவ்வளவு நம்புகிறார்கள் என்று சரியாகக் கணக்குப் போட்டு, அந்த நம்பிக்கையைத்தான் அவன் எடுத்துக்கொண்டு போய் விற்றிருக்கிறான்.

அதற்குள் மேடையிலிருந்து அழைத்தார்கள். முதல் ரசிகை இரண்டு வார்த்தை பேசுவார் என்று அறிவித்தார்கள். கேமராக்கள் திரும்பின. யாரோ அவள் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். கொசு பழகிய சிரிப்போடு பக்கத்தில் வந்து நின்று அவள் தோளில் கையைப் போட்டான். எதிரே கண்ணாடிக்கு அப்பால், தடத்தின் மறுகரையில், வீட்டுச் சுவர் அளவுக்கு ஒரு திரை. அதில் அவள் முகம். வேலிக்கு வெளியே நிற்பவர்களுக்கும் அது தெரியும். இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது என்று நினைத்தாள்.

"இந்த மேட்டைக் கொடுக்கச் சொல்லி எங்க ஆளுங்ககிட்ட கேட்டது நான்" என்று ஆரம்பித்தாள். "டிக்கெட் இல்ல, நம்ம இடம் நமக்கேன்னு இவர் எனக்கு வாக்குக் கொடுத்தார்."

மூன்றாவது வாக்கியத்தில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. உள்ளேயும் வெளியேயும் ஒலிபெருக்கியில் பாட்டு எழும்பியது. அவள் நிறுத்தவில்லை. இது பொய்யான வாக்கு, இவர் தெரிந்தே சொன்ன பொய், நானும் ஏமாந்தேன், உங்களையும் ஏமாற வைத்தேன், என்னை மன்னியுங்கள் என்று தொண்டை கிழியக் கத்தினாள். உள்ளே இருந்தவர்கள் தாளத்துக்குக் கை தட்டினார்கள். எதிர்த் திரையில் ஒரு பெண் உணர்ச்சி பொங்க ஏதோ பேசிக்கொண்டிருந்தாள், கண்ணில் நீர், தோளில் கொசுவின் கை, கீழே கொட்டை எழுத்தில் 'இதுதான் ரசிகரின் அன்பு'.

அந்த எழுத்தைப் படித்தபிறகுதான் அவள் வாயை மூடினாள். மைக்கைக் கொசுவின் கையில் திணித்தாள். அவன் ஏதோ சொன்னான். அவள் கேட்கவில்லை. பட்டையைக் கழற்ற முடியவில்லை. பல்லால் கடித்து அறுத்து, வெள்ளை மேசைத்துணியின்மேல் போட்டுவிட்டு நடந்தாள். போனால் திரும்ப உள்ளே வர முடியாது என்று வாசலில் நின்ற பெண் கரிசனமாக எச்சரித்தாள்.

வேலியோரம் அவள் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். பந்தயம் ஆரம்பிக்கப் போகிறது. மருந்துக்கடைக்காரர் ஸ்டாப் வாட்சைக் கையில் வைத்திருந்தார். அவள் வருவதைப் பார்த்தார்.

"டிவியில நல்லா இருந்தீங்கம்மா."

"நான் பேசினது கேக்கலியா?"

"பாட்டு கேட்டுச்சு."

அவள் அங்கேயே, அத்தனை பேர் முன்னாலும், உள்ளே சொன்னது ஒவ்வொன்றையும் திரும்பச் சொன்னாள். மைக் இல்லை, அழுகை இல்லை, குரல் கம்மிப் போயிருந்தது. கொசு ஒப்புக்கொண்ட வார்த்தையையும் சொன்னாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மருந்துக்கடைக்காரர் வாட்சைத் துணியால் துடைத்தார். துடைத்த இடத்தையே துடைத்தார்.

"நம்பணும்னு ஆசையாத்தான் இருக்கு" என்றார்.

அவ்வளவுதான். அதற்குமேல் அவரிடம் எதுவும் மிச்சமில்லை. இத்தனை வருடத்தில் அவள் காட்டிய எண்ணை அவர்கள் யாரும் சரிபார்த்ததில்லை. இனி அவள் மழை வருகிறது என்று சொன்னால்கூட வானத்தைப் பார்த்துக்கொள்வார்கள். கொசு கொண்டுபோனது அந்த மேட்டை மட்டுமல்ல.

தடத்தில் எஞ்சின்கள் உயிர்பெற்றன. எல்லோரும் வேலிப் பக்கம் திரும்பினார்கள். வரிசையின் கடைசியில் கொஞ்சம் இடம் இருந்தது. இத்தனை வருடத்தில் ஒரு முறைகூடக் கேட்டிராத ஒன்றை அவள் முதல்முறையாகக் கேட்டாள்.

"நான் இங்க நிக்கலாமா?"

மருந்துக்கடைக்காரர் தடத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ரோடு பொது இடம்மா" என்றார். "யார் வேணா நிக்கலாம்."

அவள் நின்றாள்.